அகரம் பிரிவில் ஒரு வெள்ளை விமானம்

திண்டுக்கல்
12.09.2024

ஜப்பான் நாட்டுக் கார்களெல்லாம் உருளுவதா நிற்பதா என்று உன் பென்சிலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யும் அளவுக்கு உயர்ந்துவிட்ட என் அக்கா மகள் வினிதாவுக்கு, திண்டுக்கல் மாநகரின் முச்சந்திகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவனும், பிளெக்ஸ் பேனர் உலகின் பேரரசனும், உன் ஒரே தாய்மாமனுமாகிய மொக்கைச்சாமி எழுதுவது. நானும் உன் அத்தை பாண்டிச்செல்வியும் சுகமாக இருக்கிறோம். மலைக்கோட்டையும் சுகம். போன வாரத்து மழையில் அரை அடி வளர்ந்திருக்கிறது, அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. உனக்கு அங்கே சளி, இருமல், பூகம்பம் எதுவும் இல்லையே?

போனில் பேசலாமே என்று நீ முணுமுணுப்பது நகோயாவிலிருந்து இங்கே கேட்கிறது. போனில் நான் என் பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் "மாமா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் எவரும் குறுக்கே பேச முடியாது. ஆகையால் நீ ஊர் திரும்பும்வரை நமக்குள் தபால்தான். இது அரசாணை.

நீ அனுப்பிய கார்ட்டூன் படத்தைக் கடையில் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். பொம்மைப் படம்தானே என்று அலட்சியமாக உட்கார்ந்தவன், காதுகுத்துப் பேனருக்கு வந்த பார்ட்டியை "நாளைக்கு வாங்க" என்று விரட்டிவிட்டுப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள். சண்டைக்காலத்தில் ஜப்பான்காரர்களுக்கு விமானம் வரைந்து கொடுத்த அந்த மனுஷன், குளியலறைக் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் இறக்கை வரைகிறானே, அந்த இடத்தில் நான் விட்ட கண்ணீரில் ஆத்தூர் அணை நிரம்பி மறுகால் போயிற்று. அந்த வெள்ளை விமானம் முதல்முறை தரையை விட்டு எழும்பியபோது நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் நான்சி பின்னால் நின்று பார்த்தாள். "அண்ணே, இவன் செய்யிற ப்ளேன் குண்டு போடப் போகுதுல்ல. அதப் பத்தி ஒரு வார்த்தையும் காணோமே" என்றாள்.

"ஏத்தா, வரையிறவன் வேலை வரையிறது. நாம ஒருத்தன அஞ்சா நெஞ்சன்னு போடுறோம். அவன் வீட்டுல பல்லியப் பாத்தா கட்டில்ல ஏறுறான். அதுக்கு நாமளா பொறுப்பு?" என்றேன். நான்சி காதுகுத்துப் பிள்ளையின் முகத்தை வெள்ளையாக்கப் போய்விட்டாள்.

நன்றாகச் சாப்பிடு. பச்சை மீனைத் தின்னாதே.

என்றும் உன் புகழுக்குப் பந்தல் போடும்,
முச்சந்திச் சக்கரவர்த்தி,
மொக்கைச்சாமி மாமா


நகோயா
30.09.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வினிதா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். பூகம்பம் வந்தது, மேசையில் இருந்த கப் மட்டும் கொஞ்சம் ஆடியது. அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் அனுப்பிய தைலம் கிடைத்ததா?

நீங்கள் அழுத இடத்தில்தான் நானும் அழுதேன். முதல் தடவை பார்த்தபோது ஆபீஸ் தோழி ஒருத்தியோடு பார்த்தேன். முடிந்ததும் அவள், "எங்கள் தாத்தா அந்த மாதிரி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்" என்றாள். அதைப் பெருமையாகச் சொல்கிறாளா வெட்கப்பட்டுச் சொல்கிறாளா என்று குரலில் தெரியவில்லை. நான் என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் டீயைக் குடித்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே உள்ள ஒரு காட்சிச்சாலைக்குப் போனேன். அந்த விமானம் கூரையிலிருந்து தொங்குகிறது. நிஜத்தில் இன்னும் அழகு மாமா. நானும் வரைகிறவள்தானே, ஒரு கோடுகூட அதிகமில்லை என்று எனக்குத் தெரிகிறது. கீழே ஒரு பலகையில் அந்தப் போரில் ஜப்பான் விமானங்கள் போன ஊர்களையெல்லாம் எழுதியிருந்தார்கள். ரங்கூன், சிங்கப்பூர், பினாங்கு என்று வரிசையாக. போன ஊர்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள். போய் என்ன செய்தன என்று எழுதவில்லை. படிக்கும்போதே மூடுகிற மணி அடித்துவிட்டது.

படத்துக்கு அழுதது சரியா என்று அன்றிலிருந்து யோசனையாக இருக்கிறது. நல்ல படமா, கெட்ட படமா? நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
வினிதா


திண்டுக்கல்
15.10.2024

பலகை படிக்கப் போய்க் கவலையை வாங்கி வந்த மருமகளுக்கு, சகல கவலைகளுக்கும் சங்கு ஊதும் மாமன் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். தைலம் வந்தது. உன் அத்தை அதைத் தடவிய வேகத்தில் மலைக்கோட்டையில் நொண்டியடித்து ஏறுவாள் போல இருக்கிறது.

நல்ல படம்தான். இதில் என்ன சந்தேகம்? அழகாக இருப்பது எல்லாம் நல்லது. இந்த ஒரு கொள்கையில்தான் என் கடையும் என் கல்யாணமும் நடக்கின்றன.

இப்போது ராஜாங்கக் காரியம் ஒன்று. என் மாமியார் ராக்கம்மாளை உனக்குத் தெரியும். அகரத்தில் சம்பங்கித் தோட்டமும், நான் பேசினால் மட்டும் மந்தமாகிவிடும் காதும் உடையவர். எண்பத்தேழு வயதிலும் விடியுமுன் தோட்டத்தில் இறங்கிப் பூப்பறிக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுவரை "நல்லாச் செஞ்சீக மாப்ள" என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து எனக்கு உதிர்ந்ததில்லை. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய அப்பா மலைச்சாமி, கப்பலேறிப் பினாங்குக்குப் பிழைக்கப் போனவர். மாமியார் பிறந்ததே அங்கேதான். சண்டைக்காலத்தில் அப்பா அங்கேயே இறந்துபோனார், மிச்சப்பேர் பிற்பாடு ஊர் திரும்பினார்கள். காய்ச்சலோ கழிச்சலோ, எப்படி இறந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் மாமியார் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். கார்த்திகை மாசம் என்று மட்டும் உன் அத்தை சொல்கிறாள். ஒரு நினைவு நாள்கூடக் கண்டிராத அந்த மனுஷனுக்கு, வருகிற கார்த்திகையில் அகரம் பிரிவில், பஸ்ஸில் போகிறவன் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவில் ஒரு நினைவஞ்சலி பேனர் வைக்கப்போகிறேன்.

அவர் படம் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு ஒரு தடையா? மாமியாரின் ஆதார் அட்டைப் படத்தை எடுத்து நான்சி மீசை ஒட்டிவிட்டாள். ஆதார் படத்தில் யாருக்கு மீசை ஒட்டினாலும் பொருந்தும். தலைப்பாகையும் வைத்ததும் சாட்சாத் சிற்றரசர் ஆகிவிட்டார்.

வெளிநாடு போனவர் என்றால் பேனரில் மேலே ஒரு விமானம் பறக்க வேண்டும். எங்கள் தொழில் சாஸ்திரம் அது. கப்பலில் போனவருக்கும் விமானம்தான். கப்பல் போட்டால் மீன்கடைத் திறப்புவிழா மாதிரி ஆகிவிடும். ஆனால் துபாய்க்காரர்களுக்குப் போடும் அந்தத் தடித்த விமானம் இனி என் கண்ணுக்குப் பிடிக்காது. உன் காட்சிச்சாலை விமானத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. என்ன ஒரு வெள்ளை. இறக்கையில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி அந்தச் சிவப்பு வட்டம் வேறு. நினைவஞ்சலிக்கு இதைவிட மங்களகரம் உண்டா?

விரைந்து அனுப்புக.

பொட்டு வைத்த விமானத்துக்குக் காத்திருக்கும்,
மாமியார் மனம் வெல்லப் புறப்பட்ட மாவீரன்,
மொக்கைச்சாமி மாமா


நகோயா
04.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட படம் நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். நான்சி அக்காவுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். பெரிதாக அடித்தாலும் புள்ளி புள்ளியாக உடையாது.

பாட்டியின் அப்பா எந்த வருஷம் இறந்தார் என்று அத்தைக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை. சும்மாதான் கேட்டேன்.

வேலை நிறைய இருக்கிறது. அடுத்த தடவை நீளமாக எழுதுகிறேன்.

அன்புடன்,
வினிதா


திண்டுக்கல்
06.12.2024

ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்கும் மருமகளுக்கு, வெற்றிக்கொடி நாட்டிய மாமன் வணக்கம். நலத்துக்கு இங்கே குறைவில்லை. நலம் கொஞ்சம் அதிகமாகி வயிறு முன்னால் வந்திருக்கிறது.

பேனர் ஏறிவிட்டது. அகரம் பிரிவில் வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் நிற்கிறது. நான் மிகைப்படுத்திப் பேசுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஆகவே நம்பு. தாடிக்கொம்பு பஸ் டிரைவர் நேற்று அதைப் பார்த்துக்கொண்டே போய் அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்தில்தான் பிரேக் போட்டார். மேகம் விலகுகிறது. அதில் உன் விமானம் சாய்ந்து இறங்குகிறது. கீழே மீசையோடு மலைச்சாமி. "அலைகடல் தாண்டிய அகரத்து வேங்கை, காலத்தை வென்றவர்" என்று போட்டேன். நீ வருஷம் கேட்டாயே. காலத்தையே வென்றவருக்கு வருஷம் எதற்கு?

நான்சி மட்டும், "அண்ணே, அந்தச் செவப்பு வட்டத்த எடுத்துரவா? என்னமோ ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கு" என்றாள். நான் விடுவேனா. இன்னும் கொஞ்சம் சிவப்பேற்று என்றேன்.

வருகிற புதன்கிழமை மாமியாரைக் காரில் கூட்டிப்போய்ப் பேனருக்கு முன்னால் நிறுத்தப்போகிறேன். கண்ணை மூடச் சொல்லித் திறக்கச் சொல்வதாகத் திட்டம். "நல்லாச் செஞ்சீக மாப்ள" என்று அவர் சொல்வதை வீடியோ எடுத்து உனக்கும், உன் அம்மாவுக்கும், ஐ.நா. சபைக்கும் அனுப்புவேன்.

நகோயா வரை நிழல் விழும் பேனர் கண்ட,
அகில உலக மாப்பிள்ளைத் திலகம்,
மொக்கைச்சாமி மாமா


நகோயா
08.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? அத்தை நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வீடியோவும் வரவில்லை. புது வருஷத்துக்குப் போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் பேனர் பற்றிக் கேட்டால், "நீ சாப்ட்டியா, அங்க பனி கொட்டுதா" என்று பேச்சை மாற்றுகிறாள். பாட்டிக்குப் பிடித்திருந்ததா மாமா?

எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. இரண்டு வரியாவது எழுதுங்கள்.

வினிதா


திண்டுக்கல்
24.01.2025

வினிதாவுக்கு,

நலம். கடை ஓடுகிறது. இந்த வருஷம் பனி அதிகம்.

உன் அத்தை பொங்கலுக்கு முன்னாலேயே அகரம் போனாள். அங்கேதான் இருக்கிறாள். தோட்டத்தில் பூப்பறிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

பேனர் கேட்டிருந்தாய். இறக்கியாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


நகோயா
10.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவை வற்புறுத்திக் கேட்டேன். சொல்லிவிட்டாள். பேனரைப் பார்த்த அன்றிலிருந்து பாட்டி வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, தோட்டத்துக்குக்கூடப் போவதில்லை என்றாள். பாட்டியின் அப்பாவைக் கொன்றது ஜப்பான் விமானம் போட்ட குண்டு என்றும் சொன்னாள். உங்களை ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

நான் உங்களைக் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் பினாங்கு என்று எழுதியதும் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது. சண்டைக்காலம், கார்த்திகை மாசம் என்றதும் தேடிப் பார்த்தேன். பினாங்கில் குண்டு விழுந்தது அந்த மாசத்தில்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? தெரிந்தது. அதற்கப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா மாமா? அன்றைக்குப் போனது இந்த விமானம்தானா என்று தேடினேன். இது இல்லை, வேறு வகை, வேறு கம்பெனி செய்தது என்று ஒரு இடத்தில் இருந்தது. படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் படத்தை மெயிலில் ஏற்றினேன். அகரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பாட்டிக்கு வகை எதற்குத் தெரிய வேண்டும். அந்த வட்டம் தெரிந்தால் போதும்.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்துகொண்டு நல்ல ரெசல்யூஷனில் அனுப்பினேன். அத்தை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகச் சொல்லுங்கள்.

வினிதா


திண்டுக்கல்
01.03.2025

அன்பு வினிதாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் கடிதம் வந்து பத்து நாள் இருக்கும். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ செய்தது தப்புத்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதியைத்தான் நீ எடுத்துக்கொள்ளலாம். சண்டைக்காலத்தில் பினாங்கில் செத்தார் என்று என் கையால் எழுதினேன். அதே கடிதத்தில் சண்டைக்காலத்து ஜப்பான் விமானத்தையும் கேட்டேன். இரண்டும் ஒரே தாளில் இருந்தன. எனக்கு அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது.

நடந்ததை உன் அம்மா பாதிதான் சொல்லியிருப்பாள். அவளுக்கே பாதிதான் தெரியும்.

காரைப் பேனருக்கு எதிரில் நிறுத்தினேன். உன் அத்தையும் கூட வந்திருந்தாள். மாமியாரைக் கைபிடித்து இறக்கி, "கண்ண மூடுங்க அத்தை" என்றேன். மூடினார். போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு, "இப்பத் தெறங்க" என்றேன். திறந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அப்புறம் உன் அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார் வினிதா. எண்பத்தேழு வயசு. பக்கத்துப் பெட்டிக்கடைத் தகரத்துக்குக் கீழே குத்தவைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மீசையைப் பார்த்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். கிட்டப் போனபிறகுதான் சேலை நனைந்திருப்பது தெரிந்தது. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த வீடியோவில் மாமியார் சத்தம் எதுவும் இல்லை. முழுக்க என் சிரிப்புத்தான் இருக்கிறது.

"எங்கப்பாவக் கொன்ன ப்ளேனு" என்று காரில் உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். பிறகு, "அது எங்கப்பாரு மூஞ்சியா?" என்று ஒரே ஒரு கேள்வி. அப்பா முகம் அவருக்கு ஞாபகம் இல்லையாம். உன் அத்தை என்ன சொல்வாள், பாவம். ஆமான்னு சொல்லிவிட்டாள்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பேனர் அடித்தேன். என் கைக்கு வேறு என்ன தெரியும்? "அண்ணே, வேணாம்ணே" என்று நான்சி கெஞ்சினாள். கேட்கவில்லை. உன் அத்தை கடைக்கு வந்து அதைப் பார்த்தாள். "இதையும் கொண்டுபோய் ரோட்டுல கட்டப் போறீகளா? கட்டுங்க. எங்காத்தா சேலை நனைஞ்சதையும் கீழ எழுதிக் கட்டுங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கு அகரம் போனவள்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அத்தை தண்ணீர் தருகிறாள், பேசுவதில்லை. மாமியார் உள் அறையை விட்டு வருவதில்லை. கொல்லைப்பக்கம் போவதற்குக்கூடத் தலையில் சாக்கைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு போகிறார். வானத்தைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று டாக்டர் சொல்கிறார்.

நான்சி கேட்டாளே, குண்டு பற்றி ஒரு வார்த்தையும் காணோமே என்று. அந்தப் படத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். பறக்கிற இடமெல்லாம் மேலேயிருந்து பார்க்கிற மாதிரியே எடுத்திருக்கிறார்கள். வயல், ஆறு, ஓட்டு வீடு, எல்லாம் கீழே சின்னதாக. கீழே நின்று மேலே பார்க்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. என் பேனரில்தான் முதல்முறையாக ஒரு ஆளைக் கீழே நிறுத்தினேன்.

நீ குளிரில் கவனமாக இரு.

மாமா


நகோயா
22.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வாரம் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தேன். மறுபடி எடுத்து வாசித்தேன். அத்தைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாட்டிக்கு எழுதும் தகுதி எனக்கில்லை.

நேற்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்றுதான் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, கீழே யாருமே இல்லை. அதை ஒவ்வொரு காட்சியிலும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த விமானம் எழும்பியது. எனக்கு மறுபடியும் பிடித்திருந்தது மாமா. இவ்வளவு தெரிந்த பிறகும் பிடித்திருக்கிறது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

சாப்பிடுகிறீர்களா? ஓட்டலிலேயே சாப்பிடாதீர்கள்.

வினிதா


திண்டுக்கல்
15.04.2025

அன்பு வினிதாவுக்கு,

நான் நலம். நீ நலமாக இரு.

போன ஞாயிறு உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அகரம் போனேன். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உன் அத்தை தோட்டத்தில் இருந்தாள். வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. கார்த்திகைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

"மாப்ள, பையில என்ன தாளு?"

"வினிதா தபால் அத்தை. சப்பான்ல இருந்து."

"என்ன எழுதிருக்கா?"

"சும்மா, சொகம் விசாரிச்சு."

"படிங்க."

எனக்குப் படிப்பது என்றால் நாலு வரியை நாற்பது வரியாக்கித்தான் பழக்கம். அன்றைக்கு உள்ளதை உள்ளபடி படித்தேன். முடித்ததும் மாமியார், "அந்தப் பிடிச்சிருக்குன்னு வருதே, அத இன்னொருக்கப் படிங்க" என்றார். படித்தேன்.

பிறகு அவரே வாசல் நிலைக்கு உள்பக்கம் வந்து உட்கார்ந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளை பாத்த படம் உங்க போன்ல இருக்கா?"

"அழிச்சிட்டேன் அத்தை."

"பொய் சொல்லாதீக. நீங்க ஒண்ணையும் அழிக்கிற ஆளு இல்ல."

போட்டுக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்ல என் நாக்குக்குத் தைரியமில்லை. போனை அவர் மடியில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விமானங்கள் வரிசையாக மேகத்துக்குள்ளிருந்து வருகிற இடம் வந்தது. அவருடைய வலது கை மடியை விட்டு மெல்ல மேலே எழுந்தது. அவரே இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்து இறக்கி, மடியில் அழுத்திக்கொண்டார்.

"நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன்.

"எங்கப்பாரு கடைக்குள்ள சாக்குத் தச்சுக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டுச்சு. நான்தேன் போயிக் கையப் பிடிச்சு இழுத்தேன். அப்பு, தூக்கு, தூக்குன்னு. வேலை கெடக்கு போத்தான்னாரு. நான் விடல. தெருவெல்லாம் சனம். ஒருத்தரும் ஓடல மாப்ள. தேரு வரப்போற மாதிரி நின்டுக்கிட்டு இருந்தாக. தோள்ல ஏத்திக்கிட்டாரு. வெயில்ல மினுங்கிக்கிட்டு வரிசையா வந்துச்சுக. நான் கையாட்டினேன்."

அதற்குமேல் அவர் அதைச் சொல்லவில்லை.

"நான் பயந்துட்டேன்னு எல்லாரும் சொல்றீகள்ல. டாக்டரும் சொல்றாரு. பயந்தது நெசம்தேன். அது அன்னைக்கோட போச்சு. நீங்க கண்ணத் தெறக்கச் சொன்னீகளே, தெறந்தேன். ஓடுறதுக்கு முந்தி செத்த நேரம் நின்டேன்ல. அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? நல்லாருக்கேன்னு நெனச்சேன். கீழ எங்கப்பாரு, மேல அது. நல்லாருக்குன்னு நெனச்சேன் மாப்ள. இந்த மூஞ்சியத் தூக்கிக்கிட்டு எப்படி வெளிய வாறது?"

இத்தனை மாசம் சாக்கால் அவர் மறைத்தது வானத்தை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. அதான் அம்புட்டுப் பெருசா அடிச்சேன்" என்றேன்.

"ம்" என்றார்.

தோட்டத்திலிருந்து கூடையோடு வந்த உன் அத்தை, முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. மாமியார் என் தோளில் கையை ஊன்றி எழுந்தார். படியில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டி இறங்கினார். சாக்கைத் தேடவில்லை. வெயிலில் கண் கூசியது போல, முந்தானையால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். தோட்டத்து வரப்பில் நடந்தார். உன் அத்தை பின்னாலேயே ஓடினாள், பிடித்துக்கொள்ளவில்லை. நானும் போனேன். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

பறிக்கிற நேரம் தாண்டியிருந்தது. ஓரத்து வரிசையில் விட்டுப்போன சம்பங்கியைக் குனிந்து பறித்து மடியில் போட்டுக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுங்க" என்றார்.

"என்னன்னு எழுத அத்தை?"

"எனக்கும் அப்பிடித்தேன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் சேக்காதீக."

எழுதிவிட்டேன்.

மாமா